நிவாரணக் குழுவுக்கு லோகோவும் போஸ்டரும்: ஏதோ உறுத்துகிறது, எதுவென்று தெரியவில்லை

வெற்றுத்தாள்:

வணக்கம். தன்னார்வ மருத்துவக் குழு ஒன்று லோகோ கேட்டிருக்கிறது. நாலு டாக்டர்கள், ஏழெட்டு நர்ஸுகள், வண்டி ஓட்டுகிறவர்கள் சிலர். வெள்ளம், நிலநடுக்கம், போர் என்று எந்த நாட்டில் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுகிற ஆட்கள். லோகோவோடு நிதி திரட்ட ஒரு போஸ்டரும் வேண்டுமாம். காசு கிடையாது, நானும் கேட்கவில்லை.

என் முதல் வரைவு இது. இரண்டு கைகள் உலக உருண்டையைத் தாங்குகின்றன. உருண்டையின் நடுவில் சிவப்புச் சிலுவை, சுற்றி ஆலிவ் இலை. போஸ்டரில் அழுகிற குழந்தையின் முகம், அதன் கீழே "உங்கள் ஒரு கை போதும்" என்று வாசகம். குழுவில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்குத்தான் எங்கேயோ உறுத்துகிறது. தயவு தாட்சண்யம் பார்க்காமல் கிழியுங்கள்.

அச்சுமை:

முதலில் சிலுவையை எடுங்கள். மற்றதெல்லாம் ரசனை, மெதுவாகப் பேசலாம். இது சட்டம்.

வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது "மருத்துவம்" என்பதற்கான படம் இல்லை. 1864 ஜெனீவா உடன்படிக்கையில் போர்க்களத்து மருத்துவ ஊழியர்களைக் காப்பாற்றத் தேர்ந்தெடுத்த அடையாளம். சுவிட்சர்லாந்துக் கொடியின் இரண்டு நிறங்களையும் இடம் மாற்றிப் போட்டது. போர்க்களத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: இங்கே சுடாதே. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் அதை யார் பயன்படுத்தலாம் என்று வரையறுத்திருக்கின்றன. பல நாடுகளில் மீறினால் தண்டனைக்குத் தனிச் சட்டமும் உண்டு. நல்ல மனதோடு போட்டாலும் மீறல் மீறல்தான்.

முதலுதவி என்று காட்டத்தான் வேண்டுமென்றால், பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை இருக்கிறது. சர்வதேசத் தரக் குறியீடு. அதில் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

குறுக்குச்சால்:

கொஞ்சம் ஓவராகத் தெரிகிறதே. பொம்மை ஆம்புலன்ஸிலிருந்து சினிமா வரை எல்லாவற்றிலும் சிவப்புச் சிலுவைதான். நாலு டாக்டர்கள் போட்டால் மட்டும் உலகம் இடிந்துவிடுமா?

அச்சுமை:

எல்லாரும் போடுவதுதான் பிரச்சினையே. ஒரு கணினி விளையாட்டில் ஆம்புலன்ஸின் மேல் சில பிக்சல் அகலத்துக்கு ஒரு சிவப்புச் சிலுவை இருந்தது. பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, பச்சையாக மாற்றிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. கண்ட இடத்திலெல்லாம் அந்தக் குறி தென்பட்டால், சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு நிற்பவனுக்கு அது இன்னொரு ஸ்டிக்கர். வெற்றுத்தாள் சொல்கிற குழு போர் நடக்கும் இடத்துக்கும் போகிறது. வேறு யாருக்கோ உயிர்க் கவசமாக இருப்பதை நாம் தேய்த்து மழுங்கடிக்கக் கூடாது.

நிழற்கோடு:

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. சிலுவையை மதச் சின்னமாக நினைத்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் அப்படிப் பார்த்தார்கள். 1876-ல் ஒட்டோமான் பேரரசு எங்களுக்குப் பிறைதான் என்று அறிவித்தது. அதற்கு முறையான அங்கீகாரம் வந்தது 1929-ல். ஈரான் 1980 வரை சிவப்புச் சிங்கமும் சூரியனும் வைத்திருந்தது. கடைசியாக 2005-ல் எந்தப் பக்கமும் சாயாத ஒன்றாக "செம்படிகம்" வந்தது. சதுரத்தை முனையில் நிறுத்தின மாதிரி ஒரு சிவப்புச் சட்டம், உள்ளே வெறும் வெள்ளை.

வடிவமைப்பாளனாகப் பார்த்தால் அந்தப் படிகம் எனக்கு ஒரு பாடம். யாரையும் புண்படுத்தாத வடிவம்தான். ஆனால் உங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக் கேளுங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று. நடுநிலையாக இருப்பது ஒரு வேலை, மனதில் ஒட்டுவது இன்னொரு வேலை. இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

சரி, உலக உருண்டைக்கு வருவோம். அது எதற்கு?

வெற்றுத்தாள்:

சிலுவையை எடுத்துவிட்டேன். நன்றி அச்சுமை அண்ணா, இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

உருண்டை எதற்கென்றால்... உலகம் முழுக்கப் போகிறார்கள் என்று காட்டத்தான்.

நிழற்கோடு:

உலகப் படம் போட்டாலே எது நடுவில் என்ற கேள்வி கூடவே வந்துவிடும். ஐநா சின்னத்தின் கதையைப் பாருங்கள். 1945 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு அடையாள பேட்ஜ் வேண்டுமென்று அமெரிக்க வடிவமைப்புக் குழு ஒன்று வரைந்தது, டொனால் மெக்லாஃப்ளின் அதில் முக்கியமானவர். வடதுருவத்தை நடுவில் வைத்து மேலிருந்து பார்க்கிற வரைபடம். நேர்மையான யோசனை, எந்த நாடும் நடுவில் இல்லை. ஆனாலும் அமெரிக்கா செங்குத்து அச்சில் நேராக நிற்கும்படி வந்துவிட்டது, தெற்கே அர்ஜென்டினா இருக்கும் அட்சரேகையோடு படம் அறுந்துவிட்டது. 1946-ல் வரைபடத்தைத் திருப்பி, தெற்கே 60 பாகை வரை நீட்டித்தான் பொதுச்சபை ஏற்றது. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இந்தப் பாடு.

உங்களுடையது 2 சென்டிமீட்டர் லோகோ. அதில் கண்டங்கள் சிந்திய காபிக்கறை மாதிரிதான் தெரியும். தாங்குகிற கைகள், இலை, புறா, உருண்டை இந்த நாலையும் கலைத்துப் போட்டு எடுத்தால் பாதி தொண்டு நிறுவனங்களின் லோகோ வந்துவிடும். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது.

கரிக்கோல்:

பல வருடமாகப் போஸ்டர் மட்டுமே செய்கிறவள் நான். லோகோவுக்கு என்னிடம் ஒரே சோதனைதான். மண்ணில் குச்சியால் வரைய முடிகிறதா?

அமைதிச் சின்னம் இருக்கிறதே, வட்டத்துக்குள் மூன்று கோடு. 1958-ல் ஜெரால்ட் ஹோல்டம் இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத எதிர்ப்பு நடைப்பயணத்துக்காக வரைந்தது. கொடிகளைக் கையில் பிடித்துச் செய்தி சொல்லும் செமஃபோர் முறையில் என், டி என்ற இரண்டு எழுத்துகள்: நியூக்ளியர் டிஸ்ஆர்மமென்ட், அதாவது அணு ஆயுத ஒழிப்பு. ஒன்றுக்கு இரண்டு கையும் சரிவாகக் கீழே. இன்னொன்றுக்கு ஒரு கை மேலே, ஒரு கை கீழே. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் அந்த மூன்று கோடு. ஆனால் ஹோல்டம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: தான் வரைந்தது நம்பிக்கையிழந்து கைகளைத் தாழ்த்தி விரித்து நிற்கும் தன்னையே என்று. செமஃபோர் தெரியாத கோடிப்பேர் அதைச் சுவரில் கிறுக்கியிருக்கிறார்கள். யாரும் அதற்கு உரிமை கொண்டாடவில்லை, அதனால்தான் அவ்வளவு தூரம் போனது.

எய்ட்ஸ் சிவப்பு ரிப்பனும் அப்படித்தான். 1991-ல் நியூயார்க்கில் விஷுவல் எய்ட்ஸ் அமைப்பின் கலைஞர்கள் சிலர் உருவாக்கினார்கள், காப்புரிமை வேண்டாமென்றே விட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்த வடிவம்கூட இல்லை, அதன் செய்முறை. ஆறு அங்குல ரிப்பனை வெட்டு, மேலே மடக்கு, ஊக்கு குத்து. லோகோவே ஒரு கைவேலை. ஊக்கு குத்துகிறவரும் வடிவமைப்பாளர் ஆகிவிடுகிறார்.

வெற்றுத்தாள் தம்பி, உங்கள் வரைவைக் குச்சியால் வரைந்து பாருங்கள். கை வலிக்கும்.

குறுக்குச்சால்:

அதெல்லாம் இயக்கங்களின் சின்னம். இது ஒரு குழுவின் அடையாளம். யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று விட்டால், நாளைக்கு எவனாவது அதே லோகோவோடு உண்டியல் குலுக்குவான்.

கரிக்கோல்:

ஒத்துக்கொள்கிறேன், நல்ல கேள்வி. குழுவின் லோகோவுக்கு உரிமைப் பதிவு வேண்டும். எளிதாக வரைய முடிவதும் எல்லோருக்கும் சொந்தமாக இருப்பதும் வேறு வேறு. உலக வனவிலங்கு நிதியின் பாண்டாவைப் பாருங்கள், 1961-லிருந்து இருக்கிறது. இறுக்கிப் பிடித்த உரிமை, ஆனாலும் குழந்தை வரையும். கறுப்பு வெள்ளை விலங்கைத் தேர்ந்தெடுத்ததில் அச்சுச் செலவு குறையும் என்ற கணக்கும் இருந்தது. கஞ்சத்தனம் நல்ல ஆர்ட் டைரக்டர்.

வெற்றுத்தாள்:

குச்சியால் வரைந்து பார்த்தேன். பூசணிக்காயை இரண்டு நண்டு தூக்குகிற மாதிரி வந்தது. உருண்டை அவுட்.

போஸ்டரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? குழந்தை முகம்தான் உண்டியலை நிரப்பும் என்று குழுத்தலைவர் உறுதியாக இருக்கிறார்.

நாலாம்வரி:

நிதி திரட்டும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் தலைவர் சொல்வது பொய்யில்லை. 2007-ல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பட்டினியில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களின் புள்ளிவிவரத்தைக் காட்டியபோது வந்ததைவிட, ஒரே ஒரு சிறுமியின் பெயரையும் படத்தையும் காட்டியபோது அதிகம் நன்கொடை வந்தது. சிறுமியோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டினால் தொகை குறைந்தது. மனித மனம் அப்படித்தான் இருக்கிறது. உங்களுக்கு மருந்து வாங்கக் காசு வேண்டும் என்றால் முகம் வேண்டும்.

பின்கட்டு:

ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்தேன், இதற்கு எழுதியே ஆகவேண்டும்.

நான் முகாம்களில் வேலை பார்த்தவள், வடிவமைப்பு தெரியாது. ஒரு முறை படம் எடுக்க ஆள் வந்திருந்தார். ஒரு அம்மா, மடியில் காய்ச்சலோடு பிள்ளை. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கியாயிற்று. எல்லாம் முறைப்படிதான். படம் எடுத்து முடித்ததும் அந்த அம்மா முந்தைய படத்தில் பிள்ளைக்குச் சட்டை இல்லை, சட்டை போட்டுவிட்டு இன்னொன்று எடுக்க முடியுமா என்று கேட்டார். பையிலிருந்து மடித்து வைத்திருந்த சட்டையையும் எடுத்துவிட்டார். எடுத்தார்கள். போஸ்டரில் வந்தது எது என்று உங்களுக்கே தெரியும்.

நாலாம்வரி அண்ணன் சொல்லும் ஆய்வை நான் மறுக்கவில்லை. முகம் காட்டினால் காசு வரும். ஆனால் அந்த ஆய்வில் சட்டை போட்ட பிள்ளைக்குக் காசு வராது என்று எங்கேயும் இல்லையே?

நாலாம்வரி:

இல்லை. சரிதான்.

நிழற்கோடு:

பின்கட்டு சொன்னதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1919-ல் எக்லன்டைன் ஜெப் என்ற பிரிட்டிஷ் பெண்மணி லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் பட்டினியால் வாடும் ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கை கொடுத்ததற்காகக் கைதானார், அபராதமும் விதித்தார்கள். போரில் எதிரியாக இருந்த நாட்டுக் குழந்தை அது. அந்த ஆண்டே "சேவ் தி சில்ட்ரன்" என்ற குழந்தைகள் உதவி அமைப்பு பிறந்தது. அப்போது அந்தப் படம் துணிச்சல். ஒளித்து வைத்திருந்ததை அது காட்டியது. இன்றைக்கு அதே மாதிரிப் படம் எதையும் புதிதாகக் காட்டுவதில்லை. 2012-ல் நார்வே மாணவர் அமைப்பு ஒன்று, குளிரில் வாடும் நார்வேக்காரர்களுக்கு ஆப்பிரிக்கா ஹீட்டர் அனுப்புவதாக ஒரு கேலி வீடியோ செய்தது. அழுமுகப் போஸ்டர்களைப் பார்த்துப் பழகிய எல்லோரும் சிரித்தார்கள். பார்வையாளர்களுக்கு அந்த உத்தி மனப்பாடமாகிவிட்டது.

கரிக்கோல்:

புகைப்படம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1920-களில் செய்த "ஜெர்மனியின் குழந்தைகள் பட்டினி கிடக்கிறார்கள்" லித்தோவை (கல்லச்சுப் படம்) தேடிப் பாருங்கள். குழந்தைகள் காலிக் கிண்ணத்தை மேலே நீட்டுகிறார்கள். கண்கள் நம்மைப் பார்க்காமல் கிண்ணத்துக்கு மேலே இருக்கும் யாரையோ பார்க்கின்றன. கறுப்புக் கரிக்கோடு, வேறு எதுவும் இல்லை. முகம் இருக்கிறது, ஆனால் எந்தக் குழந்தையின் மானத்தையும் விற்கவில்லை. வளர்ந்த பிறகு "அது நான்தான்" என்று யாரும் கூசிப்போக வேண்டியதில்லை.

இன்னொன்று. "உங்கள் ஒரு கை போதும்" என்ற வாசகத்தைத் திரும்பப் படித்தீர்களா? நிலநடுக்க இடிபாட்டிலும் போரிலும் அந்த டாக்டர்கள் பார்க்கப்போவது யாரை? கையையே இழந்தவர்களை. தமிழில் நமக்கு "கை கொடு" என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது, அதனால் காதில் விழவில்லை.

வெற்றுத்தாள்:

ஐயோ.

இதுதான் உறுத்தியது என்று நினைக்கிறேன்.

பின்கட்டு:

இன்னொரு விஷயம். இதுவரை பேசியது காசு கொடுப்பவர் பார்க்கும் போஸ்டர். உதவி பெறுகிறவர் பார்க்கும் போஸ்டரும் செய்யச் சொல்வார்கள், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, இங்கே மருந்து, அங்கே கண்ணிவெடி. அது வேறு உலகம்.

ஒரு முகாமில் அழுக்குத் தண்ணீர்ப் படத்தின் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போட்ட போஸ்டர் வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு பெரியவர் என்னிடம், "தண்ணீர் எடுக்க இடம் குறித்துக் கொடுத்திருக்கிறீர்கள், எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு அந்தக் குறி "இங்கே" என்று அடையாளம். அவர் மேல் தப்பே இல்லை.

அச்சுமை:

கொசுவைப் பெரிதாக வரைந்த போஸ்டரைப் பார்த்து "நல்லவேளை, எங்கள் பக்கம் இவ்வளவு பெரிய கொசு இல்லை" என்று சொன்ன கதை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. நடந்ததோ இல்லையோ, நம்பும்படி இருக்கிறது.

நடந்த உதாரணம் வேண்டுமென்றால் கதிர்வீச்சு எச்சரிக்கை. மஞ்சளில் மூன்று இதழ். நமக்கு அபாயம், தெரியாதவருக்கு மின்விசிறி. சர்வதேச அணுசக்தி முகமை 11 நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதித்து, 2007-ல் கூடுதலாக ஒரு சின்னம் கொண்டுவந்தது: சிவப்பு முக்கோணத்தில் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன். அழகே இல்லை. போர்ட்ஃபோலியோவில் வைத்தால் வேலை கிடைக்காது. ஆனால் பார்த்தவன் ஓடுவான், அதுதான் தேவை.

உங்கள் குழுவுக்கு மருந்து, கூடாரம், தண்ணீர் என்று சின்னச் சின்னப் படங்கள் தேவைப்பட்டால் புதிதாக வரையாதீர்கள். ஐநாவின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 2012-ல் சுமார் 500 ஐகான்களை இலவசமாக வெளியிட்டது, பிறகு திருத்தியும் இருக்கிறார்கள். எல்லாக் குழுவும் ஒரே படத்தைப் போட்டால்தான் கூட்டத்தில் தவிக்கிறவருக்குப் புரியும். அங்கே நம் தனித்தன்மையைக் காட்டக் கூடாது.

குறுக்குச்சால்:

மொழி பற்றி யாரும் பேசவில்லை. என் சொந்த அனுபவம், அவமானத்தோடு சொல்கிறேன். நாலு மொழியில் பேனர். என் கணினியில் எல்லாம் சரியாக இருந்தது. அச்சகத்தில் ஃபாண்ட் மாறிவிட்டது. தமிழில் "கொடை" என்பது "ெகாைட" என்று கொம்பும் ஐகாரமும் இடம் மாறி நின்றது. அரபியில் ஒட்டி வரவேண்டிய எழுத்தெல்லாம் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக. தமிழ்த் தப்பைப் பார்த்ததும் கண்டுபிடித்தேன். அரபித் தப்பு பேனர் கட்டி மூன்று நாள் கழித்து, படிக்கத் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை அது எனக்கு அழகான கோடுகள்.

அன்றிலிருந்து எழுத்தையெல்லாம் அவுட்லைனாக (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றித்தான் ஃபைல் அனுப்புகிறேன். அந்த மொழி படிக்கிறவர் அச்சுப் பிரதியைப் பார்க்காமல் எதுவும் வெளியே போவதில்லை. சிகிச்சைக்கு முன்–பின் என்று பக்கத்தில் பக்கத்தில் படம் போட்டாலும் கவனம். வலமிருந்து படிக்கிறவருக்கு, உங்கள் மருந்து நல்லா இருந்தவனைப் படுக்கையில் தள்ளியதாகத் தெரியும்.

அச்சுமை:

குறுக்குச்சாலுக்கு என் முழு மரியாதை. நம் ஆட்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

அச்சு பற்றி என் பங்குக்கு. போஸ்டர் வெயிலில் நிற்கப் போகிறதா? முதலில் வெளுப்பது மஞ்சளும் மெஜந்தாவும். சில வாரத்தில் சிவப்பு எழுத்து காணாமல் போய், மிச்சம் ஒரு நீல ஆவி நிற்கும். முக்கியமான செய்தியைக் கறுப்பில் வையுங்கள். சிவப்பும் பச்சையும் மட்டும் வைத்து "வேண்டாம், வேண்டும்" என்று பிரிக்காதீர்கள். ஆண்களில் ஏறக்குறைய 12-ல் ஒருவருக்கு அந்த இரண்டும் குழம்பும்.

நாலாம்வரி:

காசு வாங்காமல் செய்தாலும் ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதுங்கள். உரிமை யாருக்கு, எத்தனை திருத்தம், யார் முடிவு சொல்வது. முக்கியமாகக் கடைசிக் கேள்வி. எட்டுப் பேர் எட்டுக் கருத்து சொல்லிக்கொண்டே இருந்தால், இலவச வேலைதான் உலகத்திலேயே நீளமான வேலை.

வெற்றுத்தாள்:

பத்து நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

குழுவோடு உட்கார்ந்து, லோகோவை விட்டுவிட்டு, "போய் இறங்கியதும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். டாக்டர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வண்டி ஓட்டுகிறவர்தான், "பின்கதவைத் திறப்போம். திறந்ததும் ஜனம் வந்துவிடும்" என்றார்.

அதையே வரைந்தேன். ஒரு சதுரம், ஒரு பக்கம் மட்டும் வெளியே சாய்ந்து திறந்திருக்கிறது. மொத்தம் நாலு கோடு. மண்ணில் குச்சியால் வரைந்து, குழுவுக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் காட்டினேன். ஒருவர் கதவு என்றார், ஒருவர் பெட்டி என்றார், ஒருவர் கூடாரம் என்றார். மூன்றும் எங்களுக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

போஸ்டரில் குழந்தை இல்லை. வண்டியின் உள்ளிருந்து வெளியே பார்க்கிற மாதிரிக் கோட்டோவியம். திறந்த கதவுக்கு வெளியே ஆட்கள் நிற்கிறார்கள், எல்லோரும் சட்டை போட்டிருக்கிறார்கள். வாசகம் இன்னும் அமையவில்லை. தலைவர் முகம் வேண்டுமென்று இன்னும் முணுமுணுக்கிறார். அவர் முகத்தையே போடலாமா என்று கேட்டேன், அடங்கிவிட்டார்.

ஒரு சந்தேகம்: லோகோவுக்கு எந்தப் பச்சை?

கரிக்கோல்:

நிறத்தை அப்புறம் பார்க்கலாம். கறுப்பு வெள்ளையில், கட்டைவிரல் நக அளவில் ஏற்றுங்கள். அந்தச் சாய்ந்த கோடு கதவாகத் தெரிகிறதா, வரைந்தவர் கை நடுங்கினதாகத் தெரிகிறதா என்று முதலில் பார்ப்போம்.